இடது முன்சக்கரம்

தங்கதுரைக்குத் திமிர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். ஆனால் திமிர்தான், அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு பிரேக் வேலை மட்டும் செய்கிறவர். இஞ்சினைத் தொடமாட்டார். கியர்பாக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். காரோ ஜீப்போ, பிரேக் துருப்பிடித்து இறுகிப்போய் மற்ற மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டால், "தங்கதொரகிட்ட எடுத்துக்கினு போ" என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே மனுஷன் காலையில் எழுந்திருக்கிறார் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

பிறந்தது நைனார்பாளையத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் பத்தாவதில் கோட்டைவிட்டுவிட்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறி, ஒரு பிரேக் கடையில் பல வருஷம் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு திரும்பினார். திரும்பி வந்தவர் நிர்மலாவைக் கட்டிக்கொண்டார், கொட்டகையைப் போட்டார். கடையில் புது சாமான் வாங்கி மாட்டுகிறவனை அவர் மெக்கானிக் என்றே ஒத்துக்கொள்வதில்லை. "வாங்கி மாட்டுறதுக்கு நீ இன்னாத்துக்கு? பஸ் கண்டக்டரே மாட்டிட்டுப் போயிடுவானே" என்பார். கேட்கிறவன் சிரித்துவிட்டுப் போவான்.

துரு எடுக்க அவருக்கென்று ஒரு வழி இருந்தது. ஆசிட் ஊற்றமாட்டார், அது துருவோடு இரும்பையும் தின்றுவிடும். அவருக்குப் புளிதான். அதுவும் குழம்புக்குக் கரைக்கிற புளி இல்லை. மாசி, பங்குனியில் புளி உடைக்கிற கொட்டகைகளில் கொட்டையை எடுத்தபிறகு நாரும் ஓடுமாக ஒதுக்கித் தள்ளுவார்களே, அந்தக் கோது. மூட்டையாக அள்ளிவந்து வைத்துக்கொள்வார். வெந்நீரில் ஊறவைத்து, கழற்றிய சாமான்களை அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் எடுத்தால் துரு கறுத்து இளகியிருக்கும், கம்பி பிரஷ் பட்டதும் சேறாக வழிந்து வரும். பிறகு சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, பிரேக் ஆயில் தடவிப் பூட்டினால் வண்டி சொன்ன இடத்தில் நிற்கும்.

வெள்ளிமலை அய்யனார் அவருடைய பழைய வாடிக்கைக்காரர். வயதிலும் மூத்தவர். மலையில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப் அவருடையது. இந்த வருஷம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு சில மாதம் படுத்துவிட்டார். ஜீப் வாசலில் மழையிலும் பனியிலும் நின்றது. உடம்பு தேறி வண்டியை எடுத்தால் நான்கு சக்கரமும் முனகின. ஐப்பசி மாதம் மெல்ல உருட்டிக்கொண்டு தங்கதுரை கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிமூட்டை.

"நம்ம மரத்துப் புளி. வூட்டுக்காரி குடுத்தனுப்புனா, தங்கச்சிகிட்ட குடுத்துடுங்க" என்றார்.

தங்கதுரை சக்கரங்களைக் கழற்றினார். மூன்று பக்கமும் வெறும் மேல்துருதான். இடது முன்சக்கரம் மட்டும் மோசம். பிரேக்கை மிதித்தால் ஆயில் வந்து தள்ளுகிற சிறு குழல் ஒன்று உண்டு, வீல் சிலிண்டர் என்பார்கள். அதற்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே நகர்ந்தால்தான் பிரேக் பிடிக்கும். அந்தக் குழலின் உள்சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாகத் துரு தின்றிருந்தது. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது, இது தூக்கிப் போட வேண்டிய சாமான்.

அய்யனாரும் குனிந்து பார்த்தார். "புதுசே வாங்கிடலாங்களா? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

நல்ல மனுஷன் கேட்டார். புதுசு கிடைக்காத பொருளும் இல்லை, துருகம் சாலையில் பொன்னுரங்கம் கடையில் கேட்டால் எடுத்து நீட்டுவார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தங்கதுரை பொன்னுரங்கம் கடை வாசலில் போய் நிற்பதாவது!

"எதுக்குண்ணா? நான் எடுக்காத துருவா?" என்றார்.

அந்த மாதத்தில் கோது தீர்ந்துபோயிருந்தது. மூட்டையை உதறினால் தூசிதான் விழுந்தது. சட்டென்று அய்யனார் கொடுத்த மூட்டையை அவிழ்த்து, பாதிப் புளியை அள்ளி வெந்நீரில் கரைத்தார். மீதியை நிர்மலாவுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாமான்கள் பளபளவென்று வந்தன. இவ்வளவு சுத்தமாக எப்போதும் வந்ததில்லை. அலசி வெயிலில் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அந்தச் சிலிண்டருக்குள் லேசாக ஒரு செம்மை படர்ந்திருந்தது. கழுவிக் காய்ந்த இரும்பு இவ்வளவு சீக்கிரம் சிவந்து அவர் பார்த்ததே இல்லை. ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அய்யனார் ஸ்டூலில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. மழைக்காலம், காற்றில் ஈரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எமரித்தாளை விரலில் சுற்றி உள்ளே தேய்த்தார், செம்மை போயிற்று. குழிகள் போகவில்லை. அவற்றைப் பார்க்காதது போல ஆயிலைத் தடவிப் பூட்டிவிட்டார்.

சாலையில் ஓட்டிப் பார்த்தபோது நான்கு சக்கரமும் ஒன்றாக நின்றன. "கவலையே வாணாம், தைரியமா மலையேறுங்க" என்று சொல்லி அனுப்பினார். அய்யனார் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் போயிருக்கும். மலைப்பக்கம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன தங்கதுரை, முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார்.

"இன்னா நிர்மலா இது, கொழம்பா உப்பளமா?"

நிர்மலாவும் லேசுப்பட்டவள் இல்லை. "நான் இன்னா பண்றது? வழக்கமா வாங்குற புளி தீந்துபோச்சின்னு அந்த மலைப் புளிய எடுத்தேன். கரைச்சு வச்சதுக்கு அப்புறம்தான் நாக்குல வச்சிப் பாக்குறேன். அவங்க உப்பு போட்டு இடிச்சி அடைச்சி வச்சிருக்காங்க. வண்டு வராம இருக்க மலையில அப்படித்தான் வைப்பாங்களாம், பக்கத்து வூட்டு இசைவாணி சொல்றா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா உப்பு கம்மியாப் போட்டிருப்பேன்."

அவள் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கதுரைக்குக் காதில் விழவில்லை. கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. இரும்புக்கு உப்பு ஆகாது என்பது அவருக்குத் தெரியாதா? குழம்புப் புளியில் உப்பு கலந்திருக்கலாம் என்றுதானே கோதை விட்டு வேறு புளியை அவர் தொட்டதில்லை. கழுவினால் மேலே இருக்கிற உப்பு போகும். குழிக்குள் புகுந்த உப்பு போகாது. உள்ளேயே உட்கார்ந்திருந்து, மழை ஈரம் கிடைத்ததும் தன் வேலையைத் தொடங்கிவிடும். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சும்மா சொல்வோம், அன்றைக்கு அவருக்கு அது நிஜமாகவே கரைத்தது.

"இன்னாங்க ஆச்சி? சோத்துல கல்லா?"

"ஒண்ணும் இல்ல" என்று கையைக் கழுவிவிட்டு எழுந்துகொண்டார்.

கொட்டகைக்கு ஓடினார். ஜீப்போடு அதே தொட்டியில் ஊறிய ஒரு காரின் சாமான், சொந்தக்காரர் வந்து எடுக்காததால் துணியில் சுற்றிக் கிடந்தது. அவிழ்த்தார். ஆயில் தடவி வைத்த இரும்பு செங்கல் நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஜீப்பின் சிலிண்டருக்குள் இந்நேரம் பிஸ்டன் அசையாமல் சிக்கியிருக்கும். இடது பக்கம் பிடிக்காது, வலது பக்கம் மட்டும் பிடிக்கும், வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். மலைச்சாலையில், பின்னால் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு.

அய்யனாருக்குப் போன் போட்டார். போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே சொல்லிற்று. அதற்குமேல் யோசிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் பொன்னுரங்கம் கடைக்குப் போய் ஜீப்புக்கு இடது முன் வீல் சிலிண்டர் புதுசு வேண்டும் என்றார்.

பொன்னுரங்கம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "யாரு, தங்கதொரயா? நீயா புதுசு கேக்குற? மழை ஜாஸ்தியாப் பெய்யும்போதே நெனச்சேன்."

வேறு நாளாக இருந்தால் கடையையே இரண்டாக்கியிருப்பார். அன்றைக்குப் பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

கோமுகி அணையைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் தூறல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். எங்கேயாவது மரம் முறிந்திருக்கிறதா, கூட்டம் நிற்கிறதா என்று கண் தேடியது. எதிரே ஜீப் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்திக் கையைத் தூக்கினார், அது வேறு யாருடையதாகவோ இருந்தது. சாமி, எனக்கு இன்னா வேணா ஆவட்டும், அந்த ஜனங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார்.

வெள்ளிமலையில் அய்யனார் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. தார்ப்பாய் போர்த்தியிருந்தது. வலதுபக்க மட்கார்டு உள்ளே நசுங்கி, விளக்கு உடைந்திருந்தது.

அய்யனாரின் மனைவி அம்சவள்ளி வெளியே வந்தாள். "வாங்கண்ணா. சேதி கேட்டுதான் வந்தீங்களா?"

"யாருக்கு இன்னா ஆச்சிம்மா?"

"போன வாரம் சந்தைக்கு ஆளுங்கள ஏத்திக்கினு எறங்குனாரு. வளைவுல வண்டி வலது பக்கம் இழுத்துக்கினு போயி மலையில மோதிடுச்சி. சாமி புண்ணியம், யாரும் சாவல. அடுத்த தெரு ஆயம்மாளுக்குத்தான் கை முறிஞ்சிபோச்சி. மத்தவங்களுக்குச் சிராய்ப்பு."

யாரும் சாகவில்லை. அந்த ஒரு சொல்லில் தங்கதுரைக்கு உயிர் வந்தது. வந்த கையோடு இன்னொரு நினைப்பும் உள்ளே நுழைந்தது. இவர்களுக்குத் தன்மேல் சந்தேகமே இல்லை. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனாலும் நினைத்தார். வலது சக்கரத்தின் சிலிண்டர் கெட்டு, இடது நன்றாக இருந்திருந்தால்? வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கும். அங்கே பள்ளம். அதற்குமேல் அவரால் நினைக்க முடியவில்லை.

அய்யனார் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தவரைப் பார்த்தால் ஒரு சுற்று இளைத்திருந்தார்.

"என் கண்ணுதாங்க. ஆபரேஷன் அப்பவே டாக்டரு சொன்னாரு, கண்ணுல பொரை ஆரம்பிச்சிருக்குது, பாத்துக்கோன்னு. நான் கேக்கல. ஸ்டேரிங்க நானே தப்பா ஒடிச்சிட்டேன் போல. அந்தக் கிட்டக்க நின்ன மலை எனக்குத் தெரியல."

சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான். தங்கதுரை வாயைத் திறந்தார். "நான் சும்மா பிரேக்க ஒரு தடவ பாத்துட்டுப் போறேண்ணா" என்றுதான் வந்தது.

"பாருங்க. எனக்கு அந்த வண்டிய ஏறெடுத்துப் பாக்கவே முடியல."

அது வசதியாகப் போயிற்று. தங்கதுரை தனியாகத் தார்ப்பாயை விலக்கி இடது சக்கரத்தைக் கழற்றினார். நினைத்தது போலவே பிஸ்டன் கல்லாக உறைந்திருந்தது. பழைய சிலிண்டரை எடுத்துப் பையின் அடியில், ஸ்பானர்களுக்குக் கீழே, துணிக்குள் சுருட்டி வைத்தார். புதியதைப் பூட்டினார். ஆயில் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, சக்கரத்தை மாட்டினார். வேலை முடிந்தது. அப்படியே கிளம்பிவிட்டால் பெயரும் கெடாது, இனி ஆபத்தும் கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அம்சவள்ளி விடவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு உட்காரவைத்தாள். அய்யனாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், ஆனால் தட்டைத் தொடவில்லை.

"மலையேறி வந்து பாக்குறீங்க, எந்த மெக்கானிக்கு வருவான்?" என்றார் அய்யனார். "இங்க சனங்க சொன்னாங்க, பிரேக்கு போயிருக்கும், மெக்கானிக்குகிட்ட காட்டுன்னு. நான் ஏசிட்டேன். தங்கதொர கை வச்ச பிரேக்குடா அது, என் தப்ப அவரு தலையில போடாதீங்கன்னு சொன்னேன். வண்டிய எங்க அக்கா மவன் ஜீவாகிட்ட குடுத்துடப் போறேன், நாளைக்கு வந்து எடுத்துக்குவான். எனக்கு வேற தொழில் தெரியாது. இருந்தாலும் ஓட்ட மனசு வரல. தெனமும் காலையில ஆயம்மா வூட்டு வாசல்ல போயி நிக்கிறேன். அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அதுதான் தாங்க முடியல."

தங்கதுரை தட்டைத் தள்ளிவைத்தார். தண்ணீர் குடித்தார்.

"அண்ணா, உங்க கண்ணு இல்ல. என் வேலைதான்."

அய்யனார் அவர் தோளில் கை வைத்தார். "ஆறுதலுக்குச் சொல்றீங்க. வாணாங்க. சாப்புடுங்க."

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்க முடியுமா? திருடன் நான்தான் திருடினேன் என்று கத்துகிறான், பறிகொடுத்தவர் நீ நல்லவன்ப்பா என்கிறார். தங்கதுரை எழுந்துபோய்ப் பையைக் கவிழ்த்தார். துணியை அவிழ்த்து அந்தச் சிலிண்டரை அய்யனார் கையில் வைத்தார்.

"பிஸ்டன தள்ளிப் பாருங்க."

அய்யனார் கட்டைவிரலால் தள்ளினார். பிறகு இரண்டு விரலாலும் அழுத்தித் தள்ளினார். அசையவில்லை. விரலெல்லாம் செந்தூள் ஒட்டியது. புளியில் உப்பு இருந்தது, அது தெரியாமல் நடந்த பிசகு என்று தங்கதுரை தலைகுனிந்து சொன்னார். அம்சவள்ளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, நான் அடைச்ச புளியா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பழி இப்போது அவள்மேலும் ஏறிக்கொண்டது, பாருங்கள்.

"இல்லம்மா" என்றார் தங்கதுரை. "புளிமேல தப்பில்ல."

அய்யனார் சிலிண்டரைத் தரையில் வைத்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. வாங்க, அங்கயும் சொல்லுங்க."

ஆயம்மாளின் வீடு அடுத்த தெருவில். மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போகிற பெண்பிள்ளை, ஐம்பது வயதிருக்கும். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தங்கதுரை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உப்பு விஷயம் தெரியாது, சரி. பூட்டும்போது அது ஆவாதுன்னு தெரியுமா தெரியாதா, தம்பி?"

தெரியாது என்று சொல்ல அவருக்கு இன்னும் வழி இருந்தது. யாராலும் மறுத்திருக்க முடியாது.

"சந்தேகம் இருந்திச்சிங்க. மாத்தலாமான்னு அண்ணன் கேட்டாரு. நான்தான் வாணாம்னேன். என் பேரு போயிடும்னு."

ஆயம்மாள் தலையை ஆட்டினாள். "என் கை கூடிக்கும். இந்த மனுசன் தெனமும் இங்க வந்து நிக்கும்போது எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்திச்சி. இவரு தப்பா ஓட்டுறவரு இல்லியேன்னு நெனச்சிக்கினே இருப்பேன், சொல்லத் தெரியல. அவருகிட்ட கேளு மன்னிப்பு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தங்கதுரை திரும்பினார். அய்யனார் அங்கே இல்லை. தன் வீட்டை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

இவர் போய்ச் சேர்ந்தபோது அய்யனார் சாவியோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். "ஏறுங்க" என்றார். தங்கதுரை பக்கத்தில் ஏறிக்கொண்டார். தெருமுனை தாண்டி, சாலை இறங்கத் தொடங்குகிற இடத்துக்கு முன்னால், சமதரையிலேயே அய்யனார் வண்டியை நிறுத்தினார். பிரேக்கை மிதித்துப் பிடித்துப் பார்த்தார். இறங்கிப் போய் இடது சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி ஏறி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி மிதித்தார். இத்தனை வருஷத்தில் தங்கதுரையின் வேலையை அவர் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. கவனம்தான் இருந்தது, முன்பின் தெரியாத மெக்கானிக்கிடம் வண்டியை வாங்கும்போது இருக்குமே, அந்தக் கவனம்.

தங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னொரு தடவ மிதிச்சிப் பாருங்கண்ணா" என்றார்.

அய்யனார் மிதித்தார்.